"ஊசி மாத்தித்தாங்க போடுவோம்": ஒரு சொல் மறைத்த தொற்று

இந்த ஆய்வு இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த, 2023ஆம் ஆண்டில் 26 வயதாயிருந்த ஓர் இளைஞரைப் பற்றியது. அவரை இன்னார் என்று காட்டிவிடக்கூடிய விவரங்களை விலக்கியும் சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன். அவர் பேசிய சொற்களை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் நடந்த பிழை அந்தச் சொற்களுக்குள்தான் இருந்தது. மலையகத்தில் உள்ள ஓர் அரச சிகிச்சை நிலையத்தில் ஆலோசகராகப் பணிபுரியும் நான், சிங்களம் மட்டுமே தெரிந்த தாதியருக்கும் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் அமர்வதுண்டு. முதல் நேர்காணலில் தவறிப்போன அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தவள் நானே என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, 17 வயதில், உறவினர் ஒருவர் மூலம் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்குப் போனவர் அவர். லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு இருக்கும் வழி இதுதான். கடைக்கு மேல்மாடியில் தங்குமிடம், மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பணம், தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் ஊர்ப்பயணம் என்று வாழ்க்கை ஓடியது. 22 வயதில் ஹெரோயின் பழக்கமானது. முதலில் எல்லோரையும் போல வெள்ளித்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்திருக்கிறார். இலங்கையில் ஹெரோயின் பாவிப்போரில் பெரும்பாலானோரின் முறை இதுவே; ஊசி வழியாக ஏற்றிக்கொள்வோர் சிறுபான்மையினர். அதனாலேயே, "குடு அடிப்பேன்" என்று ஒருவர் சொன்னவுடன் புகையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும் பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு வந்துவிட்டது.

'அடிப்பது' என்ற வினை எதையும் பிரித்துச் சொல்வதில்லை. தண்ணி அடிப்பார்கள், கஞ்சா அடிப்பார்கள், குடு அடிப்பார்கள். வாயால் குடிப்பது, புகையாக இழுப்பது, நரம்பில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதுமாயிருக்கிறது. சிங்களத்தில் 'கஹனவா' என்பதும் இதே வேலையைச் செய்கிறது. பொடி என்று பொருள்படும் 'குடு' என்ற சிங்களச் சொல் தமிழுக்கு வந்தபோது வினையும் பொருந்திக்கொண்டது. இவரோ 24 வயதில் வேறிரண்டு மலையக நண்பர்களோடு சேர்ந்து ஊசிக்கு மாறியிருந்தார். அவர் சொல்லில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. முன்பும் 'அடித்தார்', பின்பும் 'அடித்தார்'.

முதல் நேர்காணல்

2022இல் இடது முன்கையில் சீழ்க்கட்டியோடு அவர் வீடு வந்தார். மேட்டுநிலக் குளிரில் எல்லோரும் சுவெட்டர் போடும் ஊரில் கையை மறைப்பது கடினமான காரியமன்று. தாய்க்கு அது பத்து நாள் கழித்தே தெரிந்தது. தோட்ட டிஸ்பென்சரியில் இருந்தவர் கட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே சீழ் எடுத்து மருந்து கட்டியபின் எங்களிடம் வந்தார்.

தாதி நல்லவர், அவசரக்காரர் அல்லர். படிவத்தில் இருந்த வரிசைப்படியே கேட்டார். ஊசிப் பாவனை உண்டு என்பதை இளைஞர் மறைக்கவில்லை. அடுத்ததாக, தாதி சிங்களத்தில் 'கட்டுவ', 'மாரு கரனவா' என்ற சொற்களை வைத்துக் கேட்ட கேள்வியை நான், "ஊசி மாத்துவீங்களா தம்பி?" என்று தமிழில் கேட்டேன்.

"ஆமாங்க மிஸ், ஊசி மாத்தித்தாங்க போடுவோம். அதுல நாங்க கவனம்."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். தாதி முகம் மலர்ந்து, நல்லது, அப்படியே கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். அதையும் சொன்னேன். படிவத்தில் 'பகிர்தல் இல்லை' என்ற கட்டத்தில் சரி அடையாளம் விழுந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டது, தொற்று இல்லை என்று வந்தது. ஈரலைத் தாக்கும் வைரசுத் தொற்றான ஹெபடைடிஸ் சிக்கான பரிசோதனைக்கு, பகிர்தல் இல்லை என்று குறிக்கப்பட்டிருந்ததால், குருதி அனுப்பப்படவில்லை. கை ஆறியதும் அவர் கொழும்புக்குத் திரும்பினார். மேலும் எட்டு மாதம் அதே இருவரோடு அதே முறையைத் தொடர்ந்தார், இப்போது அரச சிகிச்சை நிலையத்தில் 'நல்லது' என்று கேட்டுவந்த தெம்போடு.

இரண்டாம் நேர்காணல்

2023இல் அவர் தாமாகவே வந்தார். கொழும்பு வேலையை விட்டு ஊரோடு இருந்து நான்கு மாதமாகியிருந்தது. விட்ட முதல் வாரத்து உடல்நோவையும் வியர்வையையும் வீட்டில் குளிர்காய்ச்சல் என்று சொல்லிக் கம்பளிக்குள் படுத்துக் கடந்திருக்கிறார். மாமன் மகளைப் பேசி முடிக்கும் பேச்சு வீட்டில் எழுந்திருந்தது. "அந்தப் புள்ளைக்கு ஒன்னும் வந்துறக் கூடாதுங்க மிஸ், இருக்கிற டெஸ்ட் எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க," என்றார். இந்த வேலையில் நான் கேட்ட வார்த்தைகளில் அதைப் போல் மனத்தில் நின்றவை அதிகமில்லை.

பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'பகிர்தல் இல்லை'. சீழ்க்கட்டி வந்த கை, இரண்டு ஆண்டுக்கு மேலான ஊசிப் பாவனை, கூட இருவர், ஆனால் பகிர்தல் மட்டும் இல்லை. எனக்கு அது ஒட்டவில்லை. அன்று தாதி விடுப்பில் இருந்ததால் மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் நாங்கள் இருவரும் தமிழிலேயே பேசினோம். அறையில் இருந்த எஃகுத் தட்டில் மூன்று பொருள்களை வைத்தேன்: ஊசி பொருத்தாத 2 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று, உறையோடு தனியாக ஒரு ஊசி, ஊசியும் குழாயும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே வரும் 1 மில்லிலீற்றர் இன்சுலின் சிரிஞ்சு ஒன்று. ஒன்றும் விளக்காமல், "இதுக்கெல்லாம் நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் உறையிட்ட ஊசியைத் தொட்டார். "இது ஊசி."

இன்சுலின் சிரிஞ்சைத் தொட்டார். "இது சீனி ஊசி. எங்க சித்திக்குப் போடுறது. இது கெடைச்சா ஆளுக்கொன்னு."

பிறகு வெறும் குழாயின் மேல் விரலை வைத்தார். "இது பம்பு."

பம்பு என்றால் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் முதுகில் சுமக்கும் தெளிகருவிதான் நினைவுக்கு வரும். தேயிலை மலையில் களைக்கு மருந்தடிக்கும் ஆண்கள் விடியலில் அந்தப் பம்பைச் சுமந்துகொண்டு ஏறுவார்கள். இவருடைய தகப்பனும் பல ஆண்டு மருந்தடித்தவர். புறக்கோட்டை மேல்மாடியில் மூன்று மலையகப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஊரிலிருந்து எடுத்துப்போன சொல் அது. "பம்பு இருக்கா?" என்று அவர் லயத்துக் காம்பராவில் நின்று கைத்தொலைபேசியில் கேட்டபோது, பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. அந்த மூவரைத் தாண்டி வேறு எவராவது இச்சொல்லை இப்பொருளில் வழங்குகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

"பம்பையும் மாத்துவீங்களா?"

"பம்பு எதுக்குங்க மாத்தணும்? அது ஒடம்புக்குள்ள போறதில்லியே. தண்ணியில அலசி வச்சுக்குவோம். ஊசி மட்டும் ஆளாளுக்குப் புதுசு."

இரண்டு ஆண்டு மூவருக்கும் ஒரே குழாய். அலசிய தண்ணீரும் ஒரே கோப்பையில். கலக்கிய மூடியும் ஒன்றே. அவர் முதல் நேர்காணலில் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு, தம் சொல்லின் பொருளில், மிகச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

குழாய்க்குள் நடப்பது

ஊசி நரம்புக்குள் இருக்கும்போது சிறிது இரத்தம் குழாய்க்குள் வந்துவிடுகிறது. பிடியை முழுவதும் அழுத்திய பின்னும், கழற்றி மாட்டும் வகைச் சிரிஞ்சில் ஊசியின் அடிப்பகுதியிலும் குழாயின் மூக்கிலும் ஒரு சிறு வெற்றிடம் மிஞ்சி அதில் திரவம் தங்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்தத் துளியே வைரசுக்குப் போதுமானது. ஊசி குழாயோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் அந்த வெற்றிடம் மிகமிகக் குறைவு. 2010இல் வெளியான ஆய்வக ஆய்வொன்றில், வெற்றிடம் அதிகமான சிரிஞ்சுகளுக்குள் ஹெபடைடிஸ் சி வைரசு 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்தது. ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோருக்கான திட்டங்கள் வெற்றிடம் குறைந்த சிரிஞ்சுகளையும் வழங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது இதனாலேயே. தண்ணீரில் அலசுவது குழாயைச் சுத்தமாகக் காட்டும். வைரசை அது அகற்றிவிடாது. பொதுவில் வைத்த தண்ணீரும் கலக்கும் மூடியும் வடிகட்டும் பஞ்சும்கூட ஹெபடைடிஸ் சியைக் கடத்தும்.

எச்.ஐ.வி. இல்லை என்று வந்த முடிவு இதில் ஆறுதல் தர முடியாது. இரத்தம் வழியாகப் பரவுவதில் ஹெபடைடிஸ் சி எச்.ஐ.வி.யை விட எளிதில் தொற்றக்கூடியது. பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அறிகுறி ஏதும் காட்டாமல் ஈரலைச் சிதைப்பது.

சொல் எங்கே பிசகியது

தமிழில் 'ஊசி' என்பது தைக்கும் ஊசி, சிரிஞ்சின் கூர்முனை, சிரிஞ்சு முழுவதும், உள்ளே போகும் மருந்து, போடும் செயல், தடுப்பு மருந்து எல்லாவற்றையும் குறிக்கும். "புள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" என்று மருத்துவிச்சி கேட்டால் எந்தத் தாயும் தடுமாறமாட்டாள். அந்தப் பழக்கத்தில்தான் நான் முழுச் சிரிஞ்சையும் 'ஊசி' என்றேன். சிரிஞ்சைக் கையில் வைத்துக் கழற்றி மாட்டிப் பழகியவருக்கோ அதன் பகுதிகள் தனித்தனிப் பொருள்கள், தனித்தனிப் பெயர்கள். ஒரு பொருளோடு அன்றாடம் புழங்குபவர் அதைப் பிரித்துப் பெயரிடுகிறார். தூரத்தில் நிற்பவர் மொத்தமாகப் பெயரிடுகிறார். சிங்களத்தில் 'கட்டுவ' என்பதும் முள்ளையும் ஊசியையும் குறிக்கும் சொல். ஆகவே தாதியின் பக்கத்திலும் அந்த ஓட்டை தெரியாமலே போனது.

'மாற்றுவது' இன்னும் ஆபத்தான சொல் என்று இப்போது நினைக்கிறேன். பழையதை எறிந்து புதியதை எடுப்பதும் மாற்றுவதுதான். நான் உன்னுடையதையும் நீ என்னுடையதையும் எடுத்துக்கொள்வதும் மாற்றுவதுதான். சிங்கள 'மாரு கரனவா'வுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. "ஊசி மாத்துவீங்களா?" என்ற கேள்விக்கு 'ஆம்' என்பது ஒரு பொருளில் மிகப் பாதுகாப்பான பதில், மறு பொருளில் மிக அபாயகரமான பதில். கேட்பவர் ஒன்றையும் பதிலளிப்பவர் மற்றதையும் நினைத்திருந்தால், இருவரும் உண்மையே பேசிப் பொய்யான பதிவை உண்டாக்கிவிட முடியும்.

இந்தச் சிக்கல் நம் மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் பேசும் நாடுகளில் சிரிஞ்சுக்கும் அதோடு சேர்ந்த பொருள்களுக்கும் 'வர்க்ஸ்', 'ரிக்' என்றும், 'அவுட்ஃபிட்' என்பதைச் சுருக்கி ஆஸ்திரேலியாவில் 'ஃபிட்' என்றும் பெயர்கள் உண்டு. கூர்முனையை வைத்து 'ஸ்பைக்', 'பின்', 'பாயின்ட்' என்றும் சொல்வார்கள். பிரித்தானியாவில் 'கியர்' என்பது போதைப்பொருளையும் குறிக்கும், அதை ஏற்றும் கருவியையும் குறிக்கும். இங்கு 'சாமான்' என்பதும் சிங்களத்தில் 'படு' என்பதும் செய்வது இதையே. 'சாமான்' என்ற சொல்லுக்குக் கொச்சையாக வேறொரு பொருளும் இருப்பதால், பாலியல் நோய்களுக்கும் பார்க்கும் ஒரு நிலையத்தில் அது பேச்சை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். 1984இல் ஆம்ஸ்டர்டாமில், ஹெபடைடிஸ் பி பரவலைத் தடுக்கப் போதைப்பொருள் பாவிப்போரின் சங்கமே, பாவித்த ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கத் தொடங்கிய முயற்சியைப் போன்றவை ஆங்கிலத்தில் ஊசிப் பரிமாற்றம் என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டன. பிற்பாடுதான் 'ஊசி மற்றும் சிரிஞ்சு' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களில் நிலைபெற்றது. பழைய பெயரைத் தமிழில் 'ஊசிப் பரிமாற்றத் திட்டம்' என்று எழுதினால், தடுக்க நினைத்த செயலையே ஊக்குவிப்பது போல ஒலிப்பதைக் கவனித்தேன். அப்படி அச்சடித்த தாள் ஒன்றை எவர் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆங்கிலக் கொச்சைச் சொற்பட்டியல்களை மொழிபெயர்த்து ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'பம்பு' எந்தப் பட்டியலிலும் இருந்திராது. ஒரு மாடியறைக்குள் மூவரிடையே பிறக்கும் சொல் அடுத்த தெருவில் வேறாயிருக்கும். போதைப்பொருள் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றிருக்கும் நாட்டில், வெளியாருக்குப் புரிந்துவிட்ட சொல் அன்றே கைவிடப்படவும் கூடும். அவர்களுடைய கொச்சையை நாமே பேசிக் காட்டி நெருங்க முயல்வதும் உதவாது. "மிஸ் எப்படி இதெல்லாம் பேசுறாங்க" என்ற கூச்சம்தான் மிஞ்சும். பொருளை எதிரில் வைத்துப் பெயரை அவர் வாயால் சொல்லவைப்பது அரை மணி நேர வேலை, ஒரு தட்டின் செலவு.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் பரிசோதனை நேர்மறையாக வந்தது. அந்த முடிவு மட்டும் இப்போது வைரசு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் மருந்தின்றியே வைரசை வென்றுவிடுகிறார்கள். ஆகவே வைரசின் மரபணுப் பொருளைத் தேடும் இரண்டாவது பரிசோதனைக்காகக் குருதி கொழும்புக்குப் போனது. அதுவும் நேர்மறை. தொற்று முதல் நேர்காணலுக்கு முன்னரே இருந்ததா, பின்வந்த எட்டு மாதத்தில் வந்ததா என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. நான் மொழிபெயர்த்துச் சொன்ன அந்த 'நல்லது' அந்த எட்டு மாதத்துக்குள் இருக்கிறது.

ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் வைரசை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோரைக் குணமாக்குகின்றன. அவர் 12 வாரம் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை எடுத்தார். முடித்து 12 வாரம் கழித்துச் செய்த பரிசோதனையில் வைரசு இல்லை. மீண்டும் தொற்றினால் இந்தக் குணம் காப்பாற்றாது என்பதை அவருக்கு இரண்டு தடவை சொன்னேன். நெடுநாள் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிர் போகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கான அட்டவணையில் 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த அவருக்கு மூன்று தடவைகளாக அது போடப்பட்டது. போதைப்பாவனைக்கான ஆலோசனைக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அதில் தமிழில் பேச அவருக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது முதல் தடவை மட்டுமே.

கல்யாணப் பேச்சை ஓர் ஆண்டு தள்ளிவைக்கும்படி அவரே தாயிடம் கேட்டிருக்கிறார். காரணமாகக் காசுக் கஷ்டத்தைச் சொன்னாராம். மாமன் மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிவித்தார். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கூட இருந்த இருவரில் ஒருவர் எண்ணை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டார். மற்றவர், இவர் பலமுறை அழைத்த பின், பொங்கலுக்கு ஊர் வந்தபோது எங்களிடம் வந்தார். தட்டை எடுத்து வைத்துப் பெயர் கேட்டேன். உறையிட்ட ஊசியை 'ஊசி' என்றார். குழாயைப் பார்த்து வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அத மாத்தணும்னு அன்னிக்கே எங்களுக்கு யாரும் சொல்லலியே மிஸ்," என்றார். அவருக்கும் எதிர்ப்பொருள் நேர்மறை. இரண்டாவது பரிசோதனையில் வைரசு இல்லை.

அச்சடித்த படிவம் இன்னும் பழையபடியே வருகிறது. மாற்றக் கோரி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு தாளிலும் அந்தக் கேள்விக்குக் கீழே உள்ள இடைவெளியில், தாதியும் நானும் முறை வைத்துக்கொண்டு, இரண்டு மொழியிலும் கையால் எழுதுகிறோம்: "இன்னொருவர் பாவித்த குழாய், ஊசி, தண்ணீர், மூடி, பஞ்சு இவற்றில் எதையாவது நீங்கள் பாவித்ததுண்டா? நீங்கள் பாவித்ததை வேறு யாராவது பாவித்ததுண்டா?"